சக்கரத்தின் மேல் ஒரு வாசல்

தோபியாஸ் அண்ணன் எங்கள் பக்கம் வந்துபோனாரா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆவுஸ் ஊரிலிருந்து வடக்கே வரும் வண்டிகளைப் பார்த்தால் போதும். அவர் வருவதற்கு முன்னால் வருகிறவர்கள் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொண்டுவந்த பால் பாட்டிலில் பாதி வெண்ணெயாகியிருக்கும். அவர் வந்துபோன பிறகு வருகிறவர்கள் இறங்கும்போதே, "ரொட்டி இருக்கா சாலமினா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள்.

பெத்தானிக்குக் கிளைப்பாதை பிரிகிற இடத்தில் எங்கள் வீடு. நான் தணலில் ரொட்டி வாட்டி விற்கிறேன். என் வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிறார். எங்கள் பாதைக்குத் தார் கிடையாது, சரளையும் மணலும்தான். வண்டிகள் ஓட ஓட அது கூரைத் தகரம்போல வரிவரியாக எழும்பிவிடும். "பாதை தகரமாயிடுச்சு" என்போம். அந்தத் தகரத்தைச் சீவித் தரையாக்குகிற கிரேடர் வண்டியைத்தான் தோபியாஸ் ஸ்டெஃபனஸ் இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறார். வண்டிக்குப் பின்னால் ஒரு பழைய கேரவன். அதுதான் அவர் வீடு. அடியில் கம்பிக்கூண்டில் நான்கு கோழிகள். எங்கே வேலையோ அங்கே வீடு.

உட்கார்ந்து ஓட்டமாட்டார். நின்றுகொண்டே ஓட்டுவார். உட்கார்ந்தால் மண் சீவுகிற பிளேடு எங்கே உரசுகிறது என்று தெரியாதாம். ஆமை குறுக்கே வந்தால் பிளேடைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். அது தாண்டின பிறகு விட்ட இடத்திலிருந்து சீவுவார். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார். எங்கள் பாதையில் ஒரு நாளைக்குப் பத்து வண்டி வந்தால் அதிகம். ஆகவே அது பெரிய சிரமமில்லை. பதில் வணக்கம் வைக்காமல் போனவனைப் பற்றி, "பாவம், அவனுக்கு வீட்டுல ஏதோ கஷ்டம்" என்பார். ஒருநாளும் ஒருவனைத் திமிர்பிடித்தவன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தகரக்கூரை ஆலயத்துக்கு வந்துவிடுவார். ஆறு நாள் இயந்திரத்தில் குலுங்கின உடம்பு ஏழாம் நாளும் நிற்காது. அவர் உட்கார்ந்த பெஞ்சு மெல்ல அதிரும். பக்கத்தில் இருப்பவர்கள், "தோபியாஸ், இன்ஜினை அணைச்சிட்டு வந்திருக்கக்கூடாதா?" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவர் மனைவி லிஸ்பெத் காசநோயில் போனபோது மகள் எல்ஃப்ரீதாவுக்கு மூன்று வயது. லிஸ்பெத்தின் அண்ணன் கிபியோனில் கல்வீடு வைத்திருக்கிறவர். குழந்தையைத் தன்னிடம் விடச் சொன்னார். இவர் விடவில்லை. எங்கள் பெண்கள் செய்வதுபோலக் குழந்தையைச் சால்வையால் முதுகில் கட்டிக்கொண்டு, நின்றபடியே கிரேடர் ஓட்டினார். லாரிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "தோபியாஸுக்கு எப்ப பால் சுரக்கும்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு விரல் வணக்கம்தான்.

பிறகு பெத்தானியில் பள்ளி விடுதி. அங்கே பிள்ளைகள், "உன் வீட்டுக்கு எத்தனை டயர்?" என்று கேட்டார்களாம். "ரெண்டு. உங்க வீட்டுக்கு ஒண்ணுகூட இல்லையே" என்றாளாம் எல்ஃப்ரீதா. அப்படிப்பட்ட பிள்ளை. படித்து முடித்து லூடரிட்ஸில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அங்கே குளிரறை இயந்திரம் பார்க்கிற கெர்ஹார்ட் என்ற பையனுக்கு அவளைப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. பெண் கேட்டு வருகிறோம் என்று அவன் வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

கிபியோன் மச்சான் உடனே ஆள் அனுப்பினார். "என் வீட்டுல வந்து கேக்கட்டும். சுவர் இருக்கு, வாசல் இருக்கு. பாதையோரத்துல வெச்சுப் பொண்ணு கேட்டா, பாதையில கிடந்ததைப் பொறுக்கினோம்னு நாளைக்குப் பேசுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தை தோபியாஸ் அண்ணனைச் சுட்டுவிட்டது. என் வீட்டு முன்னால் நின்று, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"அவ அம்மா செத்தது என் கேரவன்ல இருக்கிற அந்தக் கட்டில்லதான், சாலமினா. இவ நடக்கப் பழகினது அந்தப் படியிலதான். இன்னொருத்தர் வீட்டு வாசல்ல நின்னு, இது என் பொண்ணுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? என் வாசல்லதான் கேக்கணும்."

"கேக்கட்டும் அண்ணே. கர்த்தர் பாத்துக்குவாரு" என்றேன். கர்த்தர் எங்களுக்கு எவ்வளவு வேலை வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கெர்ஹார்டின் தாய்மாமன் லாசரஸ்தான் அந்த வீட்டுக்காகப் பேசுகிற ஆள். பழைய முறையை ஒரு நூல் பிசகவிடாத மனிதர். அவர்கள் குடும்பத்தில் பெண் கேட்டுப் போனால், பெண் வீட்டார் முதலில் வைது துரத்த வேண்டும். துரத்தும்போது ஒரு குவளை தண்ணீர் கொடுத்தால், மறுபடி வா என்று அர்த்தம். அப்படி மூன்று குவளை குடித்தால் உள்ளே கூப்பிடுவார்கள். தண்ணீர் கொடுக்காமல் மூன்று முறை திருப்பினால், இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பெண்ணின் தகப்பனோ, வந்தவர்களை வாசலில் ஏற்றுக்கொள்கிறவரைக்கும் அவர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பெண்ணையும் அதுவரைக்கும் அவர்கள் பார்க்கக்கூடாது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். ஆவுஸிலிருந்து எழுபத்திரண்டாவது கிலோமீட்டர் கல், பெரிய முள்மரத்தடி என்று தோபியாஸ் அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். வியாழக்கிழமை வடக்கே மழை கொட்டி ஓடை வந்து பாதையை உடைத்துவிட்டது. பாதை வேலை மேஸ்திரி வயர்லெஸில் கூப்பிட்டார். இவர் வீட்டை இழுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்விட்டார். அங்கெல்லாம் போனில் சிக்னல் கிடையாது. லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டாராம். அந்த லாரிக்காரர் பெத்தானிப் பக்கம் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி என் வீட்டு முன் நின்றது. லாசரஸ் கோட்டும் டையுமாக இறங்கினார். கூடவே அவர் மனைவி சூசன்னாவும், உறவுக்காரர் இருவரும். எல்லோருக்கும் புருவம்வரைக்கும் தூசி. ஆனால் லாசரஸ் முகத்தில் சந்தோஷம்.

"நல்ல குடும்பம்தான் அக்கா" என்றார். "முறை தெரிஞ்சவங்க. நம்ம ஊர்ல எல்லாரும் வாசல்ல நின்னுதான் துரத்துவாங்க. இவங்க வாசலையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாம்பலும் கோழி இறகும்தான் கிடந்துச்சு. இப்படி ஒரு துரத்தலை நான் பாத்ததே இல்ல."

"ஆனா தண்ணி வைக்கலையே" என்றாள் சூசன்னா.

"அது துரத்தினது இல்லங்க" என்றேன் நான். "மழைக்குப் பாதை உடைஞ்சு, அவரு வேலைக்குப்..."

லாசரஸ் கையை உயர்த்தினார். "பொண்ணு வீட்டு ரகசியத்தை நீங்க சொல்லக்கூடாது அக்கா."

அதே சாயங்காலம், நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தோபியாஸ் அண்ணன் அந்த லாரிக்காரரை நம்பிக் கோட்டு மாட்டிக்கொண்டு, அறுத்த ஆட்டை வேகவைத்துவிட்டு, நிழல் நீளும்வரை படியில் நின்றிருக்கிறார்.

இரண்டாவது தடவை ஈஸ்டர் முடிந்து. இந்தமுறை தொண்ணூறாவது கல். நகரக்கூடாது என்று மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். மேஸ்திரியும் சொன்ன சொல் காத்தார். கெடுத்தது வேறு யாருமில்லை, இவரேதான். வருகிறவர்களுக்கு இடுப்பு வலிக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பாதையைச் சீவினார். அப்படி ஒரு சீவலை நான் பார்த்ததில்லை. கோப்பையில் விளிம்புவரை காப்பி ஊற்றி வண்டியில் வைத்தாலும் சிந்தாது. ஆனால் ஓரத்து மண்ணை ஒதுக்கி மேடாக்கினபோது, தன் வீட்டுக்குப் பிரிகிற சின்னத் தடத்தையும் சேர்த்து மூடிவிட்டார். கல்லும் அந்த மேட்டில் பாதி புதைந்துபோனது. கேரவன் மேட்டுக்குப் பின்னால், பள்ளத்தில்.

லாசரஸின் வண்டி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. "பாதை எவ்வளவு சுகமா இருக்கு" என்று பேசிக்கொண்டே அடுத்த ஊர்ப் பெட்ரோல் பங்க்வரை போய்விட்டார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது. அன்றைக்கு என்னிடம் நிற்கும்போது லாசரஸ் சிரிக்கவில்லை.

"ரெண்டு தடவை தண்ணி இல்ல அக்கா. மூணாவது தடவை வருவோம், முறை அது. அதுக்கப்புறம் எங்களை யாரும் குத்தம் சொல்லக்கூடாது."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் தோபியாஸ் அண்ணனிடம் சொன்னேன். அவர் நேரே தொண்ணூறாவது கல்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நானே மூடியிருக்கேன், சாலமினா. என் வாசலை நானே சீவி மூடியிருக்கேன்."

"கிபியோன் வீட்டுலயே வெச்சுக்கலாமே அண்ணே. அந்த வீடு எங்கயும் போகாது."

அவர் தரையைப் பார்த்தார். "இன்னும் ஒரு தடவை இருக்கே" என்றார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. மறுபடி எழுபத்திரண்டாவது கல், முள்மரத்தடி. வாசலில் நின்று பதில் சொல்ல ஒரு பெண் வேண்டுமே என்று என்னை அழைத்தார். வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். எல்ஃப்ரீதாவும் வந்திருந்தாள். சனிக்கிழமை விடிவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. கேரவனின் மேல் மணல், வறுக்கிற சோளம்போலப் பொரிந்தது. ஏழு மணிக்கு வயர்லெஸில் மேஸ்திரியின் குரல் கரகரத்தது.

"தோபியாஸ், பதினெட்டாவது கல்லுகிட்ட பாதை மூடிப்போச்சு. ஒரு வண்டியும் தாண்ட முடியல. கிளம்பு."

அவர் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகாவிட்டால் அவர்கள் வர முடியாது. போனால் வாசலில் ஏற்றுக்கொள்ள இவர் இருக்கமாட்டார். எல்ஃப்ரீதா பாத்திரத்தை மூடிவிட்டுச் சொன்னாள்:

"வீட்டையும் இழுத்துட்டுப் போப்பா. எப்பவும் அப்படித்தானே."

"அவங்களை நடுவழியில பாத்தா என்னம்மா பண்றது? நான் பேசக்கூடாதே."

"பேசாதே. பாதையைச் சீவு. அது உன் வேலைதானே."

அப்படித்தான் கிளம்பினோம். ஐம்பத்து நான்கு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நானும் எல்ஃப்ரீதாவும் கேரவனுக்குள் தரையில் உட்கார்ந்து, ஆட்டுக்கறிப் பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். நான் வழிநெடுக ஜெபம் செய்தேன். "கறி சிந்தாம இருக்கவும் ஜெபம் பண்ணுங்க அத்தை" என்றாள் அவள்.

பதினெட்டாவது கல்லுக்குச் சற்று முன்னால் மணல் ஆரம்பித்தது. பாதை எது, வெளி எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சிவப்பு. காற்று அடங்கியிருந்தது. வண்டி மெல்லச் சீவிக்கொண்டே போய் நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தேன். மணலின் நடுவே நீலப் பிக்கப், அச்சுவரை புதைந்து நின்றது. மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றை இறக்கிப் பாதி மணலைத் தாண்டியிருக்கிறார்கள், அதற்குமேல் முடியவில்லை. லாசரஸ் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டால் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்.

கிரேடரைப் பார்த்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். தோபியாஸ் அண்ணன் இறங்கினார். கோட்டு போட்டிருந்தார். லாசரஸுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இவரும் திருப்பிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள், அத்தனை பெரிய பாலைவனத்தில், ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க இடம் தேடினார்கள்.

தோபியாஸ் அண்ணன் பேசாமலே சங்கிலி மாட்டினார். பேசாமலே இழுத்துக் கெட்டித் தரையில் விட்டார். பிக்கப்பின் இன்ஜின் மூடியிலிருந்து ஆவி வந்தது. சூடு தணியும்வரை ஓரமாக நின்றுவிட்டு, ஒரு கேன் தண்ணீரைக் கொண்டுவந்து ரேடியேட்டரில் மெல்ல ஊற்றினார். பிறகு தன் வண்டியில் ஏறி மறுபக்கம் பார்த்து நின்றுகொண்டார்.

சன்னலுக்கு வெளியே சூசன்னாவின் குரல் கேட்டது.

"தண்ணி குடுத்துட்டாரு."

"வண்டிக்குக் குடுத்தாரு" என்றார் லாசரஸ்.

"வண்டிக்குக் குடுத்தா என்ன? நாம வந்த வண்டிதானே."

"முறைப்படி மனுஷனுக்குக் குடுக்கணும்."

"நீ இன்னும் கேக்கவே இல்லையே. கேட்டாத்தானே துரத்துவாங்க? துரத்தினாத்தானே தண்ணி?"

"எங்க போய்க் கேக்கறது? வாசல் எங்க இருக்கு?"

"கண்ணு தெரியலையா? உன் மூக்குக்கு முன்னால நிக்குது. படிகூட இருக்கு."

பிறகு சுருட்டின கால்சட்டையை இறக்கிவிடுகிறதும், கோட்டை உதறுகிறதும் கேட்டது. கதவில் மூன்று தட்டு.

"யாரு?" என்றேன்.

"வழிப்போக்கருங்க. ஒரு சின்ன நட்சத்திரம் இந்தப் பக்கம் விழுந்ததைப் பாத்தோம். அதைத் தேடி வந்தோம்."

கதவைத் திறந்தேன். "இங்க நட்சத்திரம் ஒண்ணும் இல்ல. போங்க."

லாசரஸ் போகாமல் நின்றார். இன்னும் வையவேண்டும் என்று காத்திருந்தார். நான் யாரையும் வைது பழகினவளில்லை. ஆண்டவரே மன்னியும் என்று மனதில் சொல்லிக்கொண்டு, "உங்க... உங்க சட்டையெல்லாம் ஒரே மண்ணா இருக்கு" என்றேன்.

கதவுக்குப் பின்னால் எல்ஃப்ரீதா என் பாவாடையை இழுத்தாள். "இது போதாது அத்தை. இன்னும் திட்டுங்க."

"எனக்கு வரலடி."

"மீன் நாத்தம்னு சொல்லுங்க."

"மீன் நாத்தம்" என்றேன் சத்தமாக. "லூடரிட்ஸ் மீன் நாத்தம் ஆவுஸ் வரைக்கும் அடிக்குது. அந்த நாத்தத்துக்கு எந்த நட்சத்திரம் கிட்ட வரும்? போங்க, போய்க் குளிச்சிட்டு வாங்க."

லாசரஸின் முகம் மலர்ந்துவிட்டது. மார்ச்சிலிருந்து இந்த வசவுக்குத்தானே அவர் அலைந்தார். நான் குவளையை நீட்டினேன். அவசரத்தில் பாதி அவர் கோட்டில் கொட்டியது. மீதியை அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு பிக்கப்வரைக்கும் நடந்துபோய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அது இரண்டாவது தடவை. மறுபடி வசவு, மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவைக்குள் எனக்கும் கொஞ்சம் பழகிவிட்டது. அவருடைய தொப்பையைக்கூடச் சொல்லிவிட்டேன்.

எங்களுக்குப் பின்னால் செம்மறியாடு ஏற்றின லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னங்க, பாதையை அடைச்சிக்கிட்டு என்ன வேலை நடக்குது?"

"பொண்ணு கேக்கறோம்" என்றாள் சூசன்னா.

"எப்ப முடியும்?"

"குடுத்தா முடியும்."

அவர் இன்ஜினை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

மூன்றாவது குவளை காலியானதும் தோபியாஸ் அண்ணன் கிரேடரிலிருந்து இறங்கி வந்தார். தன் படியில் ஏறி, தன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக லாசரஸை நேராகப் பார்த்தார்.

"இது என் வீடு. உள்ள வாங்க" என்றார்.

அவர்கள் நான்கு பேரும் ஏறினார்கள். கேரவனை முட்டுக்கொடுத்து நிறுத்த நேரமில்லாததால் அது ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, லிஸ்பெத்தின் கட்டிலில் போய் உட்கார்ந்தோம். எல்ஃப்ரீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இவங்க ஒரு நட்சத்திரத்தைத் தேடி வந்திருக்காங்களாம். இவங்களை உனக்குத் தெரியுமா?" என்று தகப்பன் கேட்டார்.

"தெரியும்பா."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்பா. மீன் நாத்தத்தோடதான் தெரியும்."

சூசன்னா சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். தோபியாஸ் அண்ணன் மகளின் கையைப் பிடித்து லாசரஸின் கையில் வைத்தார். என்னை ஜெபிக்கச் சொன்னார். பெரிய வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த வாசலைப் பார்த்ததற்காக ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். பிறகு கறியைப் பிரித்துச் சாப்பிட்டோம். லாரிக்காரருக்கும் ஒரு தட்டு போனது.

கிளம்பும்போது லாசரஸ் கேட்டார். "சம்பந்தி, கல்யாணப் பேச்சுக்கு நாங்க மறுபடி வரணுமே. எந்தக் கல்லுன்னு தேடறது?"

"கல்லைத் தேடாதீங்க. எங்க பாதை மோசமா இருக்கோ அங்க வாங்க. அங்கதான் இருப்பேன்."

ஆவுஸ் பக்கம் இன்னும் ஒரு கிலோமீட்டர் மணல் இருந்தது. அவர்கள் வந்த தடத்தைக்கூடக் காற்று மூடிவிட்டிருந்தது. தோபியாஸ் அண்ணன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஏறி, பிளேடை இறக்கினார். பின்னால் கேரவன், அதன் பின்னால் திரும்பி நின்ற பிக்கப், கடைசியில் ஆட்டு லாரி. நடக்கிற வேகம்தான். எல்ஃப்ரீதா கதவைத் திறந்து, படியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இனி அவளை அவர்கள் பார்த்தால் தப்பில்லை.